குட்டி கடிக்கிறதா? முதலில் கையை இழுப்பதை நிறுத்துங்கள்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் ஓரிரு நாள் ஒரு மூலையில் சுருண்டு படுத்திருக்கும். "எவ்வளவு சாது பாருங்கள்" என்று எல்லோரும் கொஞ்சுவார்கள். இடம் பழகியதும் அது வேலையை ஆரம்பிக்கும். விரல், கணுக்கால், பேன்ட் ஓரம், சோபா கால், சார்ஜர் வயர் என்று எதையும் விட்டுவைக்காது, கொஞ்சப் போனால் கை முழுக்கக் கீறல். அப்போதுதான் "இது வளர்ந்தால் ஆளைக் கடித்துவிடுமோ" என்ற பயம் வரும். பெரும்பாலும் அப்படியெல்லாம் ஆகாது. இரண்டு மாதக் குட்டி கடிக்கவே இல்லை என்றால்தான் நான் யோசிப்பேன், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று.

குட்டிக்குக் கை கிடையாது. எதையும் வாயில் வைத்துத்தான் அது தெரிந்துகொள்ளும், கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடுவதும் வாயால்தான். அந்த விளையாட்டைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒன்று இன்னொன்றின் காதைக் கவ்வும், கவ்வப்பட்டது பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தினால் 'வீல்' என்று கத்திவிட்டு எழுந்து போய்விடும். கடித்தது அங்கேயே திருதிருவென்று நிற்கும், விளையாட ஆள் இல்லை. பால் குடிக்கும்போது பல் பட்டால் தாயும் எழுந்து போய்விடும். இப்படி ஆட்டம் நின்று நின்றுதான் எவ்வளவு அழுத்தலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. எட்டு வாரம் ஆவதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும், மீதியை நாம்தான் நடத்த வேண்டும்.

பல் கதை தனி. பால்பற்கள் மூன்று, நான்கு வார வயதில் முளைக்கத் தொடங்கும், மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஊசிமுனைதான். மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு நமைச்சலில் குட்டி கண்டதையும் கொறிக்கும். பொம்மையில் துளி ரத்தம் இருந்தாலோ தரையில் அரிசி அளவு பல் கிடந்தாலோ பதற வேண்டாம். பல பற்களை அது விழுங்கிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் "பல் முளைத்து முடிந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று உட்கார்ந்திருக்கவும் கூடாது. நமைச்சல் போகும், பழக்கம் போகாது.

சரி, இனி எந்தக் கெட்ட பழக்கத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைச் செய்ததும் குட்டிக்கு என்ன கிடைக்கிறது? குட்டி விரலைக் கவ்வுகிறது, நீங்கள் வெடுக்கென்று கையை இழுக்கிறீர்கள். ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது, அதனால் அது இன்னும் பலமாகப் பாயும். நீங்கள் கத்தினால் அதற்கு உற்சாகம். தள்ளிவிட்டால் மல்யுத்தத்துக்கு அழைக்கிறீர்கள் என்று அர்த்தம். திட்டினால், இவ்வளவு நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது என்னைப் பார்த்துப் பேசுகிறார் என்று அர்த்தம். நாம் தண்டனை என்று நினைத்துச் செய்வதில் முக்கால்வாசி அதன் கணக்கில் பரிசாகத்தான் சேருகிறது.

கடிக்கும்போது என்ன செய்வது

முதல் வேலை, கையைத் தளர்த்தி அசைவில்லாமல் வைப்பது. பல் பட்ட கையைச் சும்மா வைத்திருப்பது சொல்வதற்குச் சுலபம், செய்ய இரண்டு நாள் ஆகும், ஆனால் செத்த கையைக் கடிப்பதில் குட்டிக்குச் சுவாரசியம் இல்லை. அது வாயை விட்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 20, 30 விநாடி போதும். பிறகு திரும்பி வந்து சாதாரணமாக விளையாட்டைத் தொடருங்கள். மறுபடி அழுத்தினால் மறுபடி எழுந்து போங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒதுக்கி வைப்பதில் பிரயோஜனம் இல்லை, எதற்காக ஆட்டம் நின்றது என்பதையே அது மறந்திருக்கும்.

எழுந்து போனால் பின்னாலேயே வந்து குதிகாலைக் கவ்வுகிற குட்டிகள் உண்டு, அதிலும் ஆடுமாடு மேய்க்க வளர்க்கப்பட்ட இனங்களுக்கு ஓடுகிற காலைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. அப்படிப்பட்ட குட்டியோடு விளையாடும்போது ஒரு தடுப்புக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். குழந்தைகளுக்காகக் கதவில் மாட்டுவார்களே அந்த மாதிரி சின்ன கேட் போதும். கடித்தால் நீங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் போடுவது வேண்டாம். கூண்டு தூங்கும் இடம், அதை ஜெயிலாக்கினால் அப்புறம் ராத்திரி உள்ளே போகவே மறுக்கும்.

கடித்ததும் குட்டி மாதிரியே 'ஆவ்' என்று கத்தச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். சில குட்டிகள் அந்தச் சத்தத்துக்கு நிஜமாகவே நின்றுவிடும், சில குட்டிகளுக்கு அது இன்னும் வெறியேற்றும். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், குட்டி பின்வாங்கினால் வைத்துக்கொள்ளுங்கள், வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எல்லாக் கவ்வலையும் முதல் நாளே நிறுத்தப் பார்க்காதீர்கள். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் பல வருடங்களாகச் சொல்லிவரும் வரிசை இதுதான்: முதலில் வலிக்கும் கடிக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்து, அது குறைந்ததும் கொஞ்சம் அழுத்தமான கடிக்கும் நிறுத்து, கடைசியில் பல் தோலில் பட்டாலே ஆட்டம் முடிந்தது. இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் என்றைக்காவது யாராவது தெரியாமல் வாலை மிதிப்பார்கள், சட்டென்று திரும்பிக் கவ்வும். சின்ன வயதிலேயே அழுத்தத்தை அடக்கப் பழகிய நாய் என்றால் பல் பட்டதோடு போகும்.

பொம்மையைக் கொடுத்துத் திசைதிருப்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடித்த பிறகு பொம்மை கொடுத்துக்கொண்டே இருந்தால், கடித்தால் பொம்மை வரும் என்று அது கற்றுக்கொள்ளும். கண் விரிந்து, உடம்பு தாழ்ந்து, உங்கள் கையையே குறிபார்க்கும் அந்த ஒரு நொடி இருக்கிறதல்லவா, அப்போது நீட்டுங்கள். நீளமான கயிற்றுப் பொம்மையாக இருந்தால் கைக்கும் பல்லுக்கும் நடுவில் இடம் இருக்கும். வீட்டின் ஒவ்வொரு அறையிலும் ஒன்று கிடக்கட்டும், ஏனென்றால் அவசரத்துக்குத் தேடும்போது அது கிடைக்காது. வெறும் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிச் சீண்டி விளையாடுவதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. பொதுவாக ஒரு மாமாவோ அண்ணனோ இதில் கில்லாடியாக இருப்பார், அவரிடம் முதலில் பேசுங்கள்.

மூடிய கை

இது ஒரு பயிற்சி, எனக்குப் பிடித்தது. குட்டியின் வழக்கமான தீனியில் நாலைந்து துண்டை உள்ளங்கையில் வைத்து மூடி, அதன் மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள். முதலில் மோந்து பார்க்கும், நக்கும், முன்பற்களால் விரலிடுக்கைக் கொறிக்கும், பாதத்தால் பிறாண்டும். நீங்கள் பேசாமல், கையை அசைக்காமல் இருங்கள். ஒரு கட்டத்தில் சலித்துப்போய் மூக்கைப் பின்னால் இழுக்கும், கால் அங்குலம் இழுத்தாலும் சரி, அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லிக் கையைத் திறந்து ஒரு துண்டு கொடுங்கள். ஒரு விநாடி தாமதித்தாலும் அதற்குள் அது வேறு எதையாவது செய்திருக்கும், பரிசு அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். சில முறை ஆனதும் கை முன்னால் வந்தாலே பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டு கையைப் பார்க்கும், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்க்கும். பாய்ந்தால் கிடைக்காது, பொறுத்தால் கிடைக்கும் என்று அதன் மண்டையில் ஏறிவிட்டது. இந்த ஒரு பாடம் பின்னால் சாப்பாட்டுத் தட்டு, திறந்த கதவு, தரையில் விழுந்த மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் உதவும்.

பயிற்சி ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் சில தடவை. கொடுக்கிற துண்டுகளை அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டால் குட்டி குண்டாகாது.

இதே தீனியை வைத்துத் தொடுவதற்கும் பழக்குங்கள். காதைத் தொடு, ஒரு துண்டு. பாதத்தைப் பிடி, ஒரு துண்டு. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார், ஒரு துண்டு. நகம் வெட்டும்போதும் மருத்துவர் வாயைத் திறக்கும்போதும் பல நாய்கள் கடிப்பதற்குக் காரணம், அதுவரை அந்த இடத்தை யாரும் தொட்டதே இல்லை என்பதுதான்.

சாயங்காலப் பேய்

நாள் முழுக்க நன்றாக இருந்த குட்டிக்கு மாலையானால் பேய் பிடிக்கும். வட்டம் வட்டமாக ஓடும், சோபாவில் ஏறிக் குதிக்கும், தொட்டால் கடிக்கும், மேலே சொன்ன எதற்கும் மசியாது. இதைப் பார்த்து "சக்தி அதிகமாக இருக்கிறது, இன்னும் ஓடவிட வேண்டும்" என்று நினைத்து இன்னொரு சுற்று விளையாட வைப்பார்கள், அது இன்னும் மோசமாகும். குட்டிக்கு ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் வேண்டும். தூக்கம் சொக்கியும் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்து அழுகிற கைக்குழந்தையைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இது. ஒண்ணுக்குப் போகவிட்டு, வெளிச்சம் குறைவான இடத்தில் அதன் படுக்கையில் விட்டு, மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் தூங்கிவிடும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒரு தூக்கம் என்று பகலிலேயே பழக்கினால் மாலை நேரக் கடி பாதியாகக் குறையும். என் அனுபவத்தில் "எதைச் செய்தாலும் கடியை நிறுத்த முடியவில்லை" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, குட்டி எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதைத்தான்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில்

குழந்தை கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும், குட்டிக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு உலகத்தில் இல்லை. ஓடாமல், கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கச் சொல்லிக் கொடுங்கள். இதைக் குட்டி இல்லாத நேரத்தில் ஒரு விளையாட்டாகவே ஒத்திகை பார்க்கலாம். குழந்தையையும் குட்டியையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் வேறு அறைக்குப் போவது, ஒரு நிமிடத்துக்குத்தான் என்றாலும், வேண்டாம்.

பல் பட்டுத் தோல் கிழிந்தால் "நம்ம குட்டிதானே" என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கைமருந்து எதையும் அப்பாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஊசி தேவையா என்று கேளுங்கள். ரேபிஸ் தடுப்பூசியைக் குட்டிக்கு வழக்கமாக மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள், கடிப்பதோ அதற்கு முன்பே உச்சத்தில் இருக்கும். அந்த நோயில் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது, அதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம், அதனால் இதில் சோம்பல் கூடாது.

அடித்தால் என்ன

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, கழுத்தைப் பிடித்து மல்லாக்கப் போட்டு அழுத்துவது, இதெல்லாம் இன்னும் அறிவுரையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்ற இந்தப் பேச்சுக்கு மூலம், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான், தலைமைக்கான அடிதடி அல்ல என்று டேவிட் மெச் என்ற ஓநாய் ஆய்வாளர் 1999இல் எழுதினார், அவரே முன்பு பழைய கருத்தைப் பரப்பியவர். ஓநாயை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். அடிவாங்கிய குட்டி கடிக்கக் கூடாது என்று கற்பதில்லை, கை வந்தால் வலிக்கும் என்று கற்கிறது. அப்புறம் தலையைத் தடவ நீட்டிய கையையும் கடிக்கும்.

மற்ற சேட்டைகள்

ஆள் மேல் தாவுவதற்கும் அதே கணக்குத்தான். தாவினால் கொஞ்சல் கிடைக்கிறது, தள்ளுவதும் அதற்குக் கொஞ்சல்தான். நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டும் குனிந்து தடவுங்கள், தாவினால் முதுகைக் காட்டி நில்லுங்கள். வருகிற விருந்தாளிகளைத் திருத்துவதுதான் குட்டியைத் திருத்துவதைவிடக் கஷ்டம், "பரவாயில்லை, எனக்கு நாய் பிடிக்கும்" என்று ஒருவர் கொஞ்சிவிட்டால் ஒரு வார வேலை வீண். ஆள் வரும் நேரத்தில் கயிற்றில் பிடித்துக்கொள்வது சுலபம்.

கொறிப்பதைப் பொறுத்தவரை, பழைய செருப்பை விளையாடக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடித்தது என்று கோபப்படாதீர்கள், பழசு புதுசு அதற்குத் தெரியாது. கடிக்கக் கூடாதவற்றை எடுத்து உயரத்தில் வையுங்கள், வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள் அல்லது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில் குட்டி தடுப்புக்குள் இருக்கட்டும். கசப்பு ஸ்ப்ரே மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, சில குட்டிகள் அதையும் நக்கி ரசிக்கும். ஈறு நமைச்சலுக்குச் சுத்தமான துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மெல்லும் பொருள் வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது உள்ளே அமுங்க வேண்டும். மான்கொம்பு, பெரிய எலும்பு மாதிரி கல்லாக இருப்பவை பல்லை உடைத்துவிடும்.

வாயில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், அதற்கு அது திருவிழா. அதைவிட நல்ல ஒன்றை மூக்கருகில் காட்டி, வாயிலிருப்பதைப் போட்டதும் "விடு" என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் எடுத்த பொருளையே திருப்பிக் கொடுங்கள், கொடுத்தால் நஷ்டமில்லை என்று அதற்குப் பழகட்டும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம், அவற்றில் ஒன்று வாய்க்குள் போகும் அன்றைக்கு இந்த ஒரு சொல் உயிரைக் காப்பாற்றும். விழுங்கியே விட்டது என்றால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் பகலில் அது அடக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அதை எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்பே பல தடவை வெளியே கொண்டுபோக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கட்டாயம். தரையை மோந்துகொண்டே திடீரென்று வட்டமடித்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வெளியே போய் முடித்ததும் அங்கேயே பரிசு கொடுங்கள், வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் அது சேரும். உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்த்துத் திட்டுவது வேண்டவே வேண்டாம், உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். என்சைம் கலந்த கிளீனரால் துடையுங்கள். அமோனியா வாடையுள்ள திரவங்கள் அதற்கு மூத்திர வாடை மாதிரியே இருக்கும், மறுபடி அங்கேதான் வரும்.

கவனத்துக்காகக் குரைத்தால், வாய் மூடிய இடைவெளியில் மட்டும் திரும்பிப் பாருங்கள். ஆரம்பத்தில் இன்னும் சத்தமாகக் குரைக்கும், முன்பு வேலை செய்தது இப்போது ஏன் செய்யவில்லை என்று முயன்று பார்க்கிறது. அந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் விட்டுக்கொடுத்தால் அதிகச் சத்தத்துக்குத்தான் பலன் என்று பழகும். கடிப்பது, தாவுவது எல்லாவற்றிலும் இந்த உச்சம் ஒன்று வரும், அதைத் தாண்ட வேண்டும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து. ராத்திரி அழுகை மட்டும் வேறு. புது இடத்தில் தனியாக இருக்கிற பயம் அது, முதல் சில வாரம் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்

விளையாட்டுக் கடியில் உடம்பு தளர்ந்து நெளியும், வாய் திறந்திருக்கும், முன்கால் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நிற்கும், விளையாட்டு உறுமலும் இருக்கும். இதற்கு மாறாக உடம்பு விறைத்து, அசைவு நின்று, கண் ஒரே இடத்தில் குத்திட்டு, சாப்பாட்டுத் தட்டுக்கோ எலும்புக்கோ மேல் குனிந்து உறுமினால் அது விளையாட்டு அல்ல. தட்டைப் பிடுங்கிப் "பழக்குவது" இதை வளர்க்கத்தான் செய்யும். குட்டி நிம்மதியாக இருக்கும் தூரத்தில் நின்று, தட்டுக்குள் இன்னும் ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆனபின் அது தானாகத் தலையைத் தூக்கி எதிர்பார்க்கும். உறுமியதற்காக மட்டும் திட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் வரும்.

இப்படி விறைப்பது அடிக்கடி நடந்தாலோ, குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தாலோ, சரியாக இருந்த குட்டி திடீரென்று கடிக்க ஆரம்பித்தாலோ பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதுவலி, மூட்டுவலி, வயிற்றுவலி எல்லாம் கடியாக வெளிவரும். போவதற்கு முன் அது விறைக்கும் நேரத்தைத் தள்ளி நின்று போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், சீண்டிவிட்டு எடுக்க வேண்டாம், தானாக நடக்கும்போது போதும். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பெரும்பாலான குட்டிகள் அன்றைக்கு வந்த முதல் நாள் மாதிரி அப்பாவியாக நிற்கும், வாயால் விவரித்து டாக்டரை நம்பவைப்பது கஷ்டம்.